லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் பொருளடக்கம்: மஞ்சள் கையேடு போட்ட அனுபவம்

கோபிக்குப் பக்கத்தில் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்கள் தோட்டம். மஞ்சள் வெள்ளாமை பற்றி நாலைந்து பேர் வருஷக்கணக்காக எழுதி வைத்த குறிப்புகளைக் கையேடாகத் தொகுத்தோம். விதைக்கிழங்கு, பார் பிடிப்பது, மண் அணைப்பது, இலைப்புள்ளி, வேக வைப்பது, ஈரோட்டு ஏலம் என்று 140 பக்கம் வந்துவிட்டது. எல்லோரும் செல்போனில்தான் படிப்பார்கள். அனுப்பிய மறுநாளே மாமா வயலில் நின்றபடி கூப்பிட்டார். "ஏனுங் மாப்ள, கிழங்கு அழுகலுக்கு என்ன ஊத்தோணும்னு எழுதியிருந்தீங்களே, அது எங்கீங்க இருக்குது?" 87ஆம் பக்கம் என்றேன். கட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, வெயிலில் திரையும் சரியாகத் தெரியாமல் விட்டுவிட்டார். தலைப்பைத் தொட்டால் அந்தப் பக்கத்துக்கே போகிற பொருளடக்கம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

அதற்கு லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளைப் பயன்படுத்தினேன். இலவசம், எங்கள் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. வேலை சுலபம்தான், ஆனால் ஒரு ஒழுங்கு வேண்டும். தலைப்பை வெறுமனே பெரிதாக்கி போல்டு போட்டால் மென்பொருளுக்கு அது தலைப்பு என்று தெரியாது. அத்தியாயத் தலைப்பில் கர்சரை வைத்து கன்ட்ரோலும் 1-ம் அழுத்தினால் ஹெடிங் 1 என்ற தலைப்பு ஸ்டைல் வரும், உள்தலைப்புக்கு கன்ட்ரோலும் 2-ம். எல்லாத் தலைப்புக்கும் இப்படிப் போட்ட பிறகு, இன்சர்ட் மெனுவில் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ் அண்ட் இன்டெக்ஸ் போய் ஓகே கொடுத்தால் பக்க எண்ணோடு பொருளடக்கம் வந்து நிற்கிறது. ரைட்டருக்குள்ளேயே கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் அந்த இடத்துக்குப் போகிறது. முன்பு கையால் புள்ளி வைத்து எண் அடித்தவன் நான். நடுவில் ரெண்டு பக்கம் சேர்த்தால் எல்லா எண்ணையும் மறுபடி திருத்த வேண்டும். இப்போது வலது சொடுக்கில் அப்டேட் இன்டெக்ஸ், அவ்வளவுதான். எழுத்துப்பிழை இருந்தால் பொருளடக்கத்தில் திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட்டில் போய்விடும். மூலத் தலைப்பில்தான் திருத்த வேண்டும்.

ரொம்ப இழுத்தது தமிழ் எழுத்துருதான். முதல் பாதியை ஒரு டிடிபி சென்டரில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் தமிழாகத்தான் தெரிந்தது. பிடிஎஃப் ஆக்கினால் ஓரத்தில் வரும் புக்மார்க் பட்டியல் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். காரணம் புரிந்தபோது எரிச்சலே வந்தது: பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குறிகள், எழுத்துரு மட்டும்தான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது, புக்மார்க் பட்டியலுக்கு அந்த எழுத்துரு கிடையாது. தேடலும் நடக்காது. என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் யூனிகோடாக, அதாவது உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே இருக்கும் முறைக்கு மாற்றி, தலைப்புகளுக்கு மறுபடி ஸ்டைல் போட்டு, ஒரு தடவை முழுதாகப் படித்துத் திருத்தினேன். ரெண்டு ராத்திரி வேலை. புதிதாக அடிப்பவர்கள் தயவுசெய்து முதலிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள்.

இன்னொன்று, ரைட்டர் தமிழை காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் என்று தனியாக வைத்திருக்கிறது. ஹெடிங் ஸ்டைலில் மேலே எழுத்து அளவை மாற்றிவிட்டுத் தமிழ் ஏன் மாறவில்லை என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். மாறியது எண்களும் ஆங்கிலமும் மட்டும். தமிழுக்கு அந்த ஸ்டைலின் எழுத்துருப் பகுதியில் காம்ப்ளக்ஸ் என்ற இடத்தில் தனியாக அமைக்க வேண்டும். பொருளடக்கத்துக்கு கன்டென்ட்ஸ் 1, கன்டென்ட்ஸ் 2 என்று வேறு ஸ்டைல்கள், அங்கேயும் இதே கதை. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதை இன்னும் கண்ணில் படும்படி வைத்திருக்கலாம், இது உண்மையான குறை.

பிடிஎஃப் எடுக்கும்போது பிரிண்ட் வழியாகப் போகாதீர்கள், இணைப்புகள் செத்துவிடும். பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப் கொடுங்கள், ஓரத்துப் புக்மார்க் பட்டியல் வர அவுட்லைன்ஸ் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். அடோபி ரீடரில் தொட்டவுடன் போகிறது. சில செல்போன் செயலிகளில் தொட்டாலும் நகராது, அதனால் கையேட்டோடு எந்தச் செயலியில் திறக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புகிறோம்.

வேர்டிலும் ரெஃபரன்சஸ் மெனுவில் இதே வசதி உண்டு, கூகுள் டாக்ஸிலும் உண்டு. வேர்டு காசு கொடுத்து ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இதற்காக மாற வேண்டியதில்லை.

அப்புறம் மாமா கேட்ட இன்னொரு காரியம்: உள்ளே போனபின் திரும்பிப் பொருளடக்கத்துக்கு எப்படி வருவது? பொருளடக்கப் பக்கத்தில் ஒரு புக்மார்க் வைத்து, பக்கத்தின் அடிப்பகுதியில் ஃபுட்டர் என்ற இடத்தில் அதற்கு ஒரு ஹைப்பர்லிங்க் போட்டேன். ஒரு தடவை போட்டது எல்லாப் பக்கத்திலும் வந்துவிட்டது. இப்போது கிழங்கு அழுகலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி இலைப்புள்ளிக்குப் போகிறார், என்னைக் கூப்பிடுவதில்லை.