கொல்லைப்புற கராஜ்: காண்டோவா, மனைப் பிரிவினையா, வாடகையா?

சான் ஹோசேயில் நண்பர் வீட்டுக் கொல்லையில் ஒரு சனிக்கிழமை டேப்பும் கையுமாக நின்றோம். 50-க்கு 120 அடி மனை. ஒரு ஓரமாக 10 அடி டிரைவ்வே, அதன் கடைசியில் 20-க்கு 20 கராஜ். அதில் கார் நிறுத்தி வருஷக்கணக்காகிறது. கொலுப்படிகளும் பழைய மெத்தைகளும்தான் குடியிருக்கின்றன. அதை வீடாக்கித் தனியாக விற்றால் பெண்ணின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்பது நண்பரின் கணக்கு.

வீடாக்குவதற்குச் சட்டம் தடையில்லை. கலிஃபோர்னியாவில் ஒரே மனையில் பெரிய வீட்டோடு இருக்கும் இந்த மாதிரி சின்ன வீட்டுக்கு ஏடியூ என்று பெயர். இருக்கிற கராஜை அதே இடத்தில் மாற்றினால் வேலியிலிருந்து இத்தனை அடி தள்ளு என்று கேட்க மாட்டார்கள். போன பார்க்கிங்குக்கு ஈடு காட்ட வேண்டாம். 750 சதுர அடிக்குக் கீழே இருந்தால் புது வீட்டுக்காக நகரம் வாங்கும் இம்பாக்ட் ஃபீ என்ற கட்டணமும் இல்லை. தலைவலியெல்லாம் தரைக்குக் கீழேதான். கராஜின் கான்கிரீட் தரை கதவுப் பக்கம் சரிந்திருக்கும். அதைச் சமன் செய்து, ஈரம் ஏறாமல் தடுக்க வேண்டும். கழிவுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். 80 அடி ஓடினால் 20 அங்குலம் இறங்கியாக வேண்டும். வீட்டுக் குழாய் அந்த ஆழத்தில் இல்லையென்றால் பம்ப்தான்.

சரி, விற்பதற்கு வருவோம். ஏடியூவைத் தனியாக விற்க முன்பெல்லாம் அநேகமாக வழியே கிடையாது. 2024 ஜனவரியில் அமலுக்கு வந்த ஏபி 1033 என்ற மாநிலச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. ஆனால் ஒவ்வொரு நகரமும் தானாக முன்வந்து ஏற்றால்தான் செல்லும். முதலில் ஏற்றது சான் ஹோசே, அதே வருஷம்.

இதன்படி விற்பது காண்டோவாக. நம் ஊர் ஃபிளாட்டில் யூடிஎஸ், அதாவது நிலத்தில் பிரிக்காத பங்கு, என்கிறோமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்: கட்டடம் அவரவருக்கு, மண் பொதுவில். பெரிய வீடும் சின்ன வீடும் சேர்ந்து ஒரு ஹெச்ஓஏ, அதாவது உரிமையாளர் சங்கம். அதில் உறுப்பினர் இரண்டே பேர். டிரைவ்வே வெடித்தாலும் பொதுக் குழாய் அடைத்தாலும் ஒருவர் வேண்டும், ஒருவர் வேண்டாம் என்றால் ஓட்டு சமம். வந்தவர் நல்லவராக இருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் காசு வாங்கிக்கொண்டு பங்காளியைக் கூட்டி வந்த மாதிரி. இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை வங்கி. மனை மேல் கடன் இருந்தால் கடன் கொடுத்தவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். நண்பருடையது 2021-இல் 3 சதவீதத்துக்கு வாங்கிய கடன். சம்மதம் கிடைக்காமல் அதை அடைத்துப் புதுக் கடன் எடுக்க வேண்டி வந்தால், இன்றைய வட்டியில் விற்ற லாபத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும்.

இரண்டாவது வழி எஸ்பி 9 என்ற இன்னொரு மாநிலச் சட்டம். 2022 முதல் அமலில் இருக்கிறது. இது மனையையே இரண்டாக வெட்டுவது, நம் ஊர்ப் பட்டா உட்பிரிவு மாதிரி. சுத்தமான வழி என்றால் இதுதான். வாங்குபவருக்கு மண்ணே சொந்தம். பின்னால் இடித்துப் பெரிதாகக் கட்டலாம், அதனால் விலையும் கூடும். ஒவ்வொரு துண்டும் குறைந்தது 1,200 சதுர அடி, சிறிய துண்டு மொத்தத்தில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பிரிப்பவர் அங்கே மூன்று வருஷம் குடியிருக்க எண்ணியிருப்பதாக உறுதிமொழியும் தர வேண்டும்.

டேப் பேசியது இங்கேதான். டிரைவ்வேயை இருவருக்கும் பொது வழியாக விட்டு நேர்கோடாக வெட்டினால், பின் துண்டுக்கு 40 சதவீதம் வேண்டும் என்பதால், கோடு தெருவிலிருந்து 72 அடிக்குள் விழ வேண்டும். வீடோ, பின்னால் இழுத்துக் கட்டிய அறையோடு 78 அடிவரை நீள்கிறது. டிரைவ்வேயைப் பின் மனையோடு சேர்த்துவிட்டால் பரப்பளவு சரியாகிறது, ஆனால் எல்லை வீட்டின் பக்கச் சுவரை உரசுகிறது. அந்தச் சுவரில் படுக்கையறை ஜன்னல்கள் மூன்று. எல்லைக்கு மூன்றடிக்குள் ஜன்னல் கூடாது என்பது கட்டட விதி. வீடு 72 அடிக்குச் சற்று முன்பே முடிந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்பி 9 என்று சொல்லியிருப்பேன்.

மிச்சம் வாடகை. மொத்தமாகக் காசு வராது, உண்மை. ஆனால் பழைய கடனுக்கு ஆபத்தில்லை. ப்ராப் 13 என்ற கலிஃபோர்னியா சொத்து வரி விதியின் புண்ணியத்தில் சொத்து வரிக்குப் புதிதாகச் சேர்த்த வேலையைத்தான் மதிப்பிடுவார்கள், பழைய வீட்டின் மதிப்பைத் தொட மாட்டார்கள். கட்டிய செலவை 27.5 வருஷத் தேய்மானமாக வருமான வரியில் கழிக்கலாம். ஒரு குறை உண்டு: பின்னால் எல்லாவற்றையும் விற்கும்போது, குடியிருந்த வீட்டு லாபத்தில் தம்பதிக்குக் கிடைக்கும் 5 லட்சம் டாலர் வரை வரிவிலக்கு, வாடகைக்கு விட்ட தனிக் கட்டடத்தின் பங்குக்குப் பொருந்தாது.

அவருடைய மனைக்கு நான் சொன்னது வாடகை. காண்டோ, கடன் முழுக்க அடைந்த பிறகு, அதுவும் வாங்குபவர் தங்கையோ மச்சானோ என்றால் யோசிக்கலாம். இப்போதைக்குக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்க பிளம்பர் வருகிறார். கொலுப்படிகளை எங்கே வைப்பது என்பதற்குத்தான் நண்பர் மனைவியிடம் இன்னும் பதில் சொல்லவில்லை.