வாக்கிங்கா, ஜிம்மா, வீட்டிலேயேவா: எது எங்கே நின்றுபோகும்?

எடையைக் குறைக்கவோ சுகரைக் கட்டுக்குள் கொண்டுவரவோ கிளம்புகிறவர்கள், எதில் கலோரி அதிகம் எரியும் என்று பார்த்துத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். எது எந்த இடத்தில் நின்றுபோகும் என்று பார்ப்பதே மேல் என்பது என் கட்சி. மூன்றுமே பலன் தரும். பாதியில் விடுகிற காரணம்தான் வேறு வேறு.

எவ்வளவு செய்தால் போதும்? உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. பேச முடியும், பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை இப்போது இல்லை. பஸ் ஸ்டாப்புக்கு விறுவிறுவென்று நடக்கிற ஆறு நிமிடமும் சேரும்.

வாக்கிங்குக்கு நல்ல ஷூ ஒன்று போதும். ஆனால் சென்னை மாதிரி ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் இரண்டு மாதம் போச்சு. கத்திரி வெயிலில் காலை ஏழு மணிக்கே சட்டை நனைந்துவிடும். நடைபாதையை பைக்கும் தள்ளுவண்டியும் பிடித்திருக்கும், விடியற்காலையில் தெருநாய் வேறு. மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று 2023-ல் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தை அரசு தொடங்கியது. அது பக்கத்தில் இருந்தால் உங்களுக்கு யோகம்தான். நடந்து முடித்த கையோடு டிபன் கடைக்குள் நுழையும் கோஷ்டியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். அரை மணி நேரம் நடந்ததை ஒரு வடையும் சர்க்கரை போட்ட காபியும் ஈடுகட்டிவிடும்.

வாக்கிங்கின் பெரிய குறை, தசைக்கு அது போதாது என்பதுதான். முழங்கால் வலிக்கிறவர்கள் நடையை மட்டும் நம்பி, வலி கூடியதும் அதையும் விட்டுவிடுகிறார்கள். தொடைத் தசை வலுவானால் மூட்டுக்குத் தாங்கல் கிடைக்கும்.

அந்த வேலைக்கு ஜிம் நல்ல இடம். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம், முதுகு வளைந்தால் திருத்த ஆள் உண்டு. மழையும் வெயிலும் உள்ளே வராது. ஜிம்முக்கு எதிரி தூரமும் வருடச் சந்தாவும்தான். 'வருஷத்துக்குக் கட்டினால் பாதி விலை' என்பார்கள். தை மாதம் கட்டிவிட்டு மாசியில் காணாமல் போகிறவர்களின் பணமும் அந்தக் கணக்கில் இருக்கிறது என்பது என் சந்தேகம். ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே ஜிம் இருந்தால் சேரலாம். வீட்டுக்கு வந்து, காபி குடித்து, மறுபடி கிளம்ப வேண்டும் என்றால் வேண்டாம்.

வீட்டிலேயே செய்வது பார்க்க எல்லாவற்றிலும் சுலபம். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக மறுபடி உட்கார வேண்டும். இதைப் பத்து முறை. பிறகு சுவரில் கை வைத்துத் தண்டால். அது பழகியதும் டைனிங் டேபிள் விளிம்பில், அப்புறம் தரையில். நாற்காலிப் பயிற்சி சுலபமானதும் ஐந்து கிலோ அரிசியை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு செய்யலாம். கால் மணி நேரம் போதும், காசு செலவில்லை.

ஆனால் வீடு சும்மா விடாது. தண்டாலுக்குக் கை வைத்த நேரத்தில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும், பிள்ளை சாக்ஸைக் காணோம் என்று வரும். காலை நேரம் ஆண்களுக்கு ஓய்வாகவும் பெண்களுக்கு அடுக்களையாகவும் இருக்கிற வீட்டில், 'வீட்டிலேயே செய்யேன்' என்பது ஆலோசனையே இல்லை. அவர்களுக்கு, எல்லாரும் கிளம்பிப் போன பிறகு நடக்கிற லேடீஸ் பேட்ச் உள்ள ஜிம்தான் சரி. வீட்டைவிட்டு வெளியே வந்துவிடுவதே அங்கே பாதி பலன்.

மற்றவர்களுக்கு என் ஓட்டு கலவைக்குத்தான்: வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேர நடை, இரண்டு நாள் வீட்டில் நாற்காலியும் தண்டாலும். மழை நாளில் நடைக்குப் பதில் மாடிப்படி. முழங்கால் வலி இருந்தால் படி வேண்டாம், வீட்டுக்குள்ளேயே நடங்கள். தனியாக எதையுமே தொடர முடியாதவர் என்றால் தயங்காமல் ஜிம்மில் சேருங்கள், மாதச் சந்தா மட்டும் கட்டி. இன்சுலின் போடுகிறவர்கள் எதைத் தொடங்கினாலும் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சுகர் திடீரென்று இறங்கினால் வாயில் போட, பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும்.