கிரப்பைச் சரிசெய்வதா, ரீஃபைண்டுக்கு மாறுவதா?

விண்டோஸும் உபுண்டுவும் சேர்ந்திருக்கும் கணினியில் ஒருநாள், எதைத் திறப்பது என்று கேட்கும் மெனுவே வராமல் நேராக விண்டோஸ் திறந்துகொண்டால், லினக்ஸ் போய்விட்டதோ என்று பதறத்தான் செய்யும். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. அந்த மெனுவைக் காட்டுவது கிரப் என்ற பூட்லோடர், அதாவது கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரல்; ரீஃபைண்ட் அதற்கு ஒரு மாற்று. பயாஸ் என்ற பழைய தொடக்க மென்பொருள் உள்ள கணினிகளில் விண்டோஸை மறுபடி நிறுவினால், வட்டின் முதல் 512 பைட்டில் இருக்கும் கிரப்பின் தொடக்கத் துண்டு அழிந்துவிடும். அதன் இடத்தில் யூஇஎஃப்ஐ வந்துவிட்ட புதிய கணினிகளில் அப்படியில்லை. ஒவ்வொரு பூட்லோடரும் வட்டில் இதற்கென்றே ஒதுக்கிய இஎஃப்ஐ பார்ட்டிஷனில் தனித்தனி ஃபோல்டரில் கிடக்கும். பல நேரம் மாறியிருப்பது வரிசை மட்டும்தான். யூஇஎஃப்ஐ செட்டிங்கில் பூட் ஆர்டருக்குப் போய் உபுண்டுவை மேலே ஏற்றுங்கள். பலருக்கு வேலை அதோடு முடிந்துவிடும். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் மட்டும், எதையும் தொடுவதற்கு முன் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் வரவில்லையா? நிறுவாமலே ஓடும் லைவ் பென்டிரைவில் உபுண்டுவைத் திறந்து பூட்-ரிப்பேர் என்ற கருவியை ஓட்டலாம், ஒரே பட்டன். இல்லையென்றால் பார்ட்டிஷன்களை மவுண்ட் செய்து (இணைத்து), சிஎச்ரூட் என்ற கட்டளை வழியாக வட்டிலுள்ள உபுண்டுவுக்குள் போய், கிரப்பைக் கையால் நிறுவலாம். பூட்-ரிப்பேர் வேகமானதுதான், ஆனால் எதை எதை மாற்றியது என்பது நமக்குப் புரியாது. ஐந்தாறு கட்டளைகளைத் தட்டத் தயங்காதவர்களுக்கு நான் கைவழியைத்தான் சொல்வேன். யூஇஎஃப்ஐ கணினி என்றால், இரண்டிலும் பென்டிரைவ் யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருக்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் மணிக்கணக்காகத் திண்டாடுகிறார்கள்.

சரி, மெனு வந்துவிட்டது. இனி அதை நம் விருப்பப்படி மாற்ற வேண்டும். கிரப்பில் எல்லாம் ஒரே ஒரு டெக்ஸ்ட் கோப்பில் இருக்கிறது: எத்தனை நொடி காத்திருப்பது, எது முதலில் வருவது. மாற்றிவிட்டு அப்டேட்-கிரப் கொடுத்தால் போதும். 2021இல் வந்த 2.06 பதிப்பிலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் தானாக ஓடுவதில்லை. மெனுவில் விண்டோஸ் மட்டும் காணவில்லை என்றால் முதலில் அதே கோப்பில் ஓஎஸ்-ப்ரோபருக்கான வரியைப் பாருங்கள். இதையெல்லாம் மவுஸால் மாற்ற உதவும் கிரப் கஸ்டமைசர் பார்க்க எளிது. ஆனால் கிரப்பின் ஸ்கிரிப்டுகளைத் தன் போக்கில் மாற்றி எழுதிவிடும். பின்னால் சிக்கல் வந்தால் நூல் பிடிப்பது கடினம். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரீஃபைண்ட் வேறு மாதிரி. ராடரிக் ஸ்மித் ரீஃபிட் என்ற பழைய நிரலிலிருந்து வளர்த்தெடுத்தது. ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் அதுவே வட்டைத் தேடிப் பார்த்து ஐகான்களாகக் காட்டும். புதிய கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வந்தால் அப்டேட் கொடுக்க வேண்டியதில்லை; கடைசியாகத் திறந்ததையே மறுபடி தேர்ந்து வைத்திருக்கும். ஆரம்பத்தில் ஒரே உபுண்டு இரண்டு மூன்று ஐகானாகத் தெரியும். வேண்டாததன் மேல் நின்று டெலீட் விசையை அழுத்தினால் மறைந்துவிடும். குறை என்றால், நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்தான்: அது ஏற்கும் ஷிம் என்ற சிறு இடைநிரலை வைத்து, சாவியைப் பதிவு செய்து, கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பழைய பயாஸ் கணினியில் இதை நினைக்கவே வேண்டாம்.

ஒரு விண்டோஸ், ஒரு லினக்ஸ் என்றால் கிரப்பே போதும். ஆனால் அடிக்கடி புதுப்புது லினக்ஸ் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ரீஃபைண்ட்தான் நிம்மதி. புதிதாக வரும் ஒவ்வொன்றும் தன் கிரப்பை முன்னால் வைக்கும். பூட் ஆர்டரில் ரீஃபைண்டை மறுபடி மேலே கொண்டுவந்தால், புதியதும் பழையதும் அதே திரையில் வந்து நிற்கும்.