65535: இரண்டு ஏஎஸ்/400 மெஷின்களுக்கு நடுவே நான் படும் பாடு

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து பழைய நண்பர் ஒருவர் போன் செய்தார். அவர் வேலை பார்க்கும் மில்லின் இருபது வருடக் கணக்கு ஒரு பழைய ஏஎஸ்/400ல் (ஐபிஎம்மின் அலுவலகக் கம்ப்யூட்டர்) கிடக்கிறது. "உங்ககிட்ட ரெண்டு மெஷின் ஓடுதே, நாங்களும் செகண்ட் ஹேண்ட்ல புதுசா ஒண்ணு வாங்கி டேட்டாவை அதுக்கு மாத்திடலாமா?" என்று கேட்டார். போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது ஈக்காட்டுதாங்கலில் மோட்டார் உதிரிபாக மொத்த வியாபாரம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தபோது மெஷின் முதல் மாடியில் இருந்ததால் தப்பியது. ஆனால் கரண்ட் வரும்வரை யாரிடம் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்றுகூட எங்களால் பார்க்க முடியவில்லை. 2016ல் அம்பத்தூர் குடோனில் இன்னொரு மெஷின் வைத்தோம். பழையதில் ஓடும் சிஸ்டம் வி5ஆர்4 பதிப்பு, புதியதில் 7.1 பதிப்பு. அன்றிலிருந்து வாராவாரம் இரண்டுக்கும் இடையே ஃபைல்கள் போய்வருகின்றன.

போய்வருவதில் எனக்குக் குறையே இல்லை. ஒரு லைப்ரரியை (ஃபைல்களின் தொகுப்பு) அப்படியே ஒரு சேவ் ஃபைலுக்குள் (எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வைக்கும் ஃபைல்) போட்டு, நெட்வொர்க்கில் ஃபைல் அனுப்பும் எஃப்டிபியில் பைனரி (பைட்டுகளை மாற்றாதே) என்று சொல்லி அனுப்பி, அந்தப் பக்கம் ரீஸ்டோர் செய்தால் போதும். ஃபீல்டு (பெயர், தொகை போன்ற தனித்தனிப் பகுதி) விவரம், லாஜிக்கல் ஃபைல் (அதே டேட்டாவை வேறு வரிசையில் காட்டுவது) எல்லாம் கூடவே வந்துவிடும். அந்தப் பக்கம் காலி சேவ் ஃபைல் ஒன்றை முதலிலேயே உருவாக்கி வையுங்கள். இல்லாவிட்டால் சாதாரண ஃபைலாக வந்து இறங்கும், ரீஸ்டோர் ஆகாது. புதியதிலிருந்து பழையதற்கு அனுப்பும்போது டார்கெட் ரிலீஸில் வி5ஆர்4 என்று கொடுக்க வேண்டும். இவ்வளவுதான். இத்தனை வருடத்தில் இப்படி அனுப்பிய ஒரு ரெக்கார்டு காணாமல் போனதில்லை. டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிய காலம் எனக்குத் தெரியும் என்பதால், ஒவ்வொரு முறையும் இது எனக்கு அதிசயமாகவே இருக்கிறது.

என் கோபமெல்லாம் 65535 மேல்தான். ஃபைலில் இருக்கும் எழுத்து எந்த வகை என்று சொல்லும் எண் சிசிஎஸ்ஐடி. அது 65535 என்றால் 'இதை மாற்றாதே, உள்ளபடியே விடு' என்று அர்த்தம். சிஸ்டத்தின் ஆரம்ப மதிப்பே அதுதான். எங்கள் பழைய ஃபைல்கள் எல்லாம் அப்படியே உருவானவை. மெஷினுக்கு உள்ளே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. எக்ஸெலுக்கு இழுத்தால்தான் தெரியும்: ஆங்கிலத்தில் ரவி என்று இருக்கும் பெயர் டி9 சி1 இ5 சி9 என்று, மெஷினின் உள் குறியீடாகவே, வந்து நிற்கும்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த நேரம். ஆடிட்டர் பழைய பாக்கிப் பட்டியல் கேட்டார். எக்ஸெலை மெஷினோடு இணைக்கும் ஓடிபிசியின் செட்டிங்கில் '65535ஐயும் எழுத்தாக மாற்று' என்பதை டிக் செய்தேன். கணக்குப் பிரிவு அம்மா பார்த்துவிட்டு, "சார், பேரெல்லாம் சுத்தமா வருது, பாக்கித் தொகை மட்டும் குப்பையா இருக்கே" என்றார்.

காரணம் பிறகுதான் புரிந்தது. அது ஏஎஸ்/400க்கு முந்தைய ஐபிஎம் மெஷினான சிஸ்டம்/36 காலத்து ஃபைல். ஃபீல்டு பிரிப்பே கிடையாது, ஒரே நீளப் பட்டை. எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பது ஆர்பிஜி மொழியில் எழுதிய புரோகிராமுக்கு மட்டுமே தெரியும். தொகைகள் பேக்டு டெசிமல்: 12345 என்பது 12, 34, 5எஃப் என்று மூன்றே பைட்டில் அடங்கியிருக்கும் (கடைசி எஃப் என்பது கூட்டல் குறி). அதை எழுத்து என்று நினைத்து மாற்றினால் தொகை செத்தது. மாற்றாமல் விட்டால் பெயர் புரியாது. எர்ரர் மெசேஜ் ஒன்றும் வராது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வழி இருக்கிறது. புரோகிராமின் இன்புட் வரிகளைப் பார்த்து, 1 முதல் 6வது பைட் வரை குறியீடு, 7 முதல் 36 வரை பெயர், 37 முதல் 39 வரை பேக்டு தொகை என்று ஒரு புதிய ஃபைலை வரையறுத்து, ஃபைலை நகலெடுக்கும் சிபிஒய்எஃப் கமாண்டில் நோசெக் (வடிவத்தைச் சரிபார்க்காதே) கொடுத்துப் பைட்டுகளை அப்படியே ஊற்ற வேண்டும். ஒரு ஃபைலுக்கு அரை நாள் பிடிக்கும். புரோகிராமின் சோர்ஸ் (எழுதிய மூல வரிகள்) தொலைந்துபோன ஒரு ஃபைலுக்கு, அச்சடித்த பழைய லெட்ஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெரிந்த தொகைகளைத் தேடினேன். சரக்கைத் திருப்பிக் கொடுத்தவர்களின் கணக்கு மைனஸ், கடைசி அரை பைட் டி என்று முடியும். அதை வைத்துத்தான் தொகை இருக்கும் இடத்தைப் பிடித்தேன்.

நேற்று மறுபடியும் ஒரு டிஸ்கவுண்ட் ஃபைலில் இரண்டு நாள் வேலை வீணானது. அதனால் நண்பரே, வாங்காதீர்கள். சேவ் ஃபைலைப் பற்றி நான் சொன்ன நல்லதெல்லாம் உண்மை, ஆனாலும் வேண்டாம். இருக்கிற மெஷின் உயிரோடு இருக்கும்போதே அதிலேயே ஃபீல்டு பிரித்து, தொகைகளை லெட்ஜரோடு ஒத்துப் பார்த்து, சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக) வெளியே எடுத்துவிடுங்கள். ஆர்பிஜி சோர்ஸை முதலில் தேடி வையுங்கள்.

அம்பத்தூர் மெஷினுக்கு இந்த வருடமும் பராமரிப்பு ஒப்பந்தம் போடச் சொல்லி இன்று காலைதான் முதலாளியிடம் கையெழுத்து வாங்கினேன்.