போப் ரைஃபிள் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

போன வாரம் டெக்சாஸிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, ஒரு போப் ரைஃபிள் விலைக்கு வந்திருக்கு. வின்செஸ்டர் ஹை வால், ஃபால்ஸ் மசிலோட. ஒம்பதாயிரம் கேக்கறார். விட்டா கிடைக்காதுன்னு தோணுது" என்றார். போப் என்பது ஹாரி போப், பழைய காலத்துத் துப்பாக்கிக் கைவினைஞர். ஹை வால் என்பது வின்செஸ்டர் கம்பெனியின் ஒரு பழைய ரைஃபிள் வகை. ஃபால்ஸ் மசில் என்பது குழலின் வாயில் மாட்டிக் கழற்றும் ஒரு துண்டு, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். விளம்பரத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அதிலிருந்த ஒரு சொல்லைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நான் 7,500 டாலரை இழந்தது அதே சொல்லால்தான். வீட்டுக்கு வெளியே இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இனியும் மூடி வைப்பது தப்பு.

இந்தத் துப்பாக்கிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள் ஷூட்ஸன் என்ற குறிசுடும் போட்டிகளை ஊர் ஊராக நடத்தினார்கள். 200 கஜ தூரம், நின்றபடியே சுட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும் ரைஃபிள். வசதியுள்ளவர்கள் பாலர்ட், ஸ்டீவன்ஸ், வின்செஸ்டர் என்று ஏதோ ஒரு கம்பெனியின் ஆக்ஷனை, அதாவது தோட்டா போட்டுச் சுடும் பின்பகுதி இயந்திரத்தை வாங்கி, தேர்ந்த கைவினைஞரிடம் பேரல், அதாவது குழல், போட்டுக்கொள்வார்கள். டென்வரில் ஜார்ஜ் ஷோயன், சிராகியூஸில் ஜிஷாங், இவர்களோடு ஹாரி போப். 1861-இல் பிறந்து 1950-இல் மறைந்தவர். 1906 சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் பட்டறையை இழந்து, பிறகு ஜெர்சி சிட்டியில் மாரிஸ் தெருவில் கடைசிக் காலம் வரை பேரல் போட்டுக்கொண்டிருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகம் அந்தத் தெருவிலிருந்து நடக்கிற தூரம். மதியம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், இவர் கை பட்ட ஒரு ரைஃபிள் என்றாவது நம் வீட்டில் இருக்க வேண்டும் என்று நினைப்பேன். அந்த ஆசை பதினோரு வருடம் இருந்தது.

போப் முறையில் வெடிமருந்து நிரப்பிய கேஸை, அதாவது தோட்டா உறையை, பின்பக்கம் போடுவார்கள். ஈயக் குண்டை மட்டும் குழலின் வாய் வழியாகத் தள்ளி இறக்குவார்கள். அப்படித் தள்ளும்போது குண்டும் நசுங்கக்கூடாது, குழலின் வாயும் தேயக்கூடாது. அதற்குத்தான் ஃபால்ஸ் மசில். தொலைநோக்கிக் கண்ணாடிகள் செய்து பேர் வாங்கிய ஆல்வன் கிளார்க் 1840-இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. துளை போட்ட பிறகு, குண்டைச் சுழல வைக்கும் உள்வரிகளை வெட்டுவதற்கு முன், குழலின் நுனியில் ஒரு துண்டை அறுத்தெடுப்பார்கள். அதைச் சின்ன ஊசிகளால் மறுபடி பொருத்தி, இரண்டுக்கும் சேர்த்தே வரி வெட்டுவார்கள். குண்டை இறக்கியதும் அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சுடுவார்கள். ஒரே இரும்பில் பிறந்த ஜோடி என்பதால் ஒரு குழலின் துண்டு இன்னொரு குழலுக்குச் சேராது. விலையே இந்த ஜோடிக்குத்தான்.

எனக்கு விற்றவர் இந்தத் தொழிலில் பல காலம் இருப்பவர். பேச்சில் அவ்வளவு கனிவு. ஹை வால் ஆக்ஷன், 32-40 என்ற தோட்டா அளவு, பேரல் மேல் போப்பின் பெயர், கூடவே ஃபால்ஸ் மசில். வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற ஊரிலுள்ள அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. சீரியல் எண்ணைக் கொடுத்தால், அது தொழிற்சாலையை விட்டு எப்போது, எந்த வடிவில் வெளியே போனது என்று கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தையும் அனுப்பினார். 1890-களில் வெளியே போனது என்று இருந்தது. 1898 அல்லது அதற்கு முன் செய்ததென்றால் அமெரிக்க மத்திய சட்டப்படி அது பழம்பொருள். மனசு நிறைந்துவிட்டது.

கவனியுங்கள். அந்தக் கடிதம் உண்மையானது. ஆனால் அது பேசுவது ஆக்ஷனைப் பற்றி. தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு யார் எந்தப் பேரலை மாட்டினார் என்று வின்செஸ்டர் பதிவேட்டில் எப்படி இருக்கும்? நான் பணம் கொடுத்தது பேரலுக்கு. அந்தப் பேரலுக்கு ஒரு காகிதமும் இல்லை.

பார்சல் வியாழக்கிழமை வந்தது. வேலை நெருக்கடியில் ஞாயிறு காலைதான் பிரித்தேன். முதலில் ஃபால்ஸ் மசிலை மாட்டி, மெத்தென்ற ஈயக் குண்டு ஒன்றை வாயில் வைத்துத் தள்ளினேன். ஒன்றரை அங்குலம் வழுக்கிக்கொண்டு போனது, சட்டென்று எதிலோ இடறியது. கொஞ்சம் அழுத்தியதும் இறங்கிவிட்டது. துண்டைக் கழற்றினேன். சேரும் இடத்தில், வெட்டிய நகத்துணுக்கு மாதிரி பிறை வடிவில் ஈயச் சீவல் ஒட்டியிருந்தது. துண்டின் வரியும் குழலின் வரியும் ஒன்றோடொன்று சேரவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஊசித் துளை ஒன்றில் அரம் போட்ட தடம் பளபளத்தது.

கை நடுங்கிற்று. துணி சுற்றிய கம்பியைக் குழலில் இறக்கிப் பார்த்தேன், வலப்பக்கம் சுழன்றது. உள்ளே எண்ணினால் ஆறு வரி. போப்பின் வழக்கம் இடப்பக்கச் சுழற்சி, எட்டு வரி. என் கையில் இருந்தது யாரோ பெயர் குத்திய சாதாரணப் பேரல். அந்தப் பெயரின் எழுத்துப் பள்ளங்களில்கூட நூறு வருடத்து அழுக்கு இல்லை, விளிம்புகள் கூர்மையாக இருந்தன.

உடனே போன் செய்தேன். திருப்பி அனுப்ப மூன்று நாள் அவகாசம், அது சனிக்கிழமையே முடிந்துவிட்டது என்றார் விற்றவர். பேரல் போப் செய்ததே இல்லை என்றேன். "நான் அப்படி எழுதவே இல்லையே. 'போப் முத்திரை கொண்டது' என்றுதானே எழுதினேன்" என்றார். விளம்பரத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. டெக்சாஸ் தம்பி அனுப்பிய விளம்பரத்திலும் அதே 'முத்திரை கொண்டது'. மூன்று வாரம் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பிய பிறகு 600 டாலர் தருகிறேன் என்றார். மறுத்துவிட்டேன். அவர் கேட்டபடி மணி ஆர்டரில் கொடுத்திருந்ததால், கார்டு கம்பெனி மூலம் திரும்பக் கேட்கவும் வழியில்லை.

என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஏங்க, காசு அனுப்பறதுக்கு முன்னாடி இதே குண்டத் தள்ளிக் காட்டச் சொல்லியிருக்கலாமே?" சொல்லியிருக்கலாம். நல்ல விற்பனையாளர் மறுக்க மாட்டார். தள்ளி எடுத்த குண்டையும், ஃபால்ஸ் மசிலையும் குழல் வாயையும் நேருக்கு நேராக எடுத்த படங்களையும் அனுப்பச் சொல்லுங்கள். வரி எத்தனை, எந்தப் பக்கம் சுழல்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். 'போப் செய்தது, இல்லையென்றால் பணம் திரும்பத் தரப்படும்' என்ற வாக்கியம் ரசீதில் இருக்கட்டும். திருப்பி அனுப்பும் அவகாசம் பத்து நாளாவது கேளுங்கள்.

தம்பி இந்தப் படங்களைக் கேட்டு ஐந்து நாளாகிறது. பதில் இல்லை. இரண்டு நாள் முன்பு அந்த விளம்பரத்தையே எடுத்துவிட்டார்கள்.

என் ரைஃபிள் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதை விற்க மனம் வரவில்லை. விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தில் ஒரு அட்டை கட்டியிருக்கிறேன்: "ஆக்ஷன் அசல். பேரல் போப் செய்ததல்ல. ஃபால்ஸ் மசில் வேறொரு குழலுடையது." எனக்குப் பிறகு இது யார் கைக்குப் போனாலும், முதலில் அந்த அட்டைதான் கண்ணில் படும்.