தகரக் கிடங்குக்குள் ஒரு வலக்கை ஆன்டெனா ஜோடி

நான் சின்ன ட்ரோன் விடுவது ஒரு பழைய நெல் கிடங்கில். மேலே தகரம், மூன்று பக்கமும் தகரம். கேமராப் படத்தை நான் கண்ணில் மாட்டிப் பார்க்கும் காகிள்ஸுக்கு அனுப்பும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இதைவிட மோசமான இடம் கிடைக்காது. அலைநீளம் 5 செ.மீ. சொச்சம்தான். நேரே வரும் அலையும் சுவரில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று தின்றுவிடும் புள்ளிகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். ட்ரோனோடு வந்த குச்சி ஆன்டெனாவில் அங்கெல்லாம் படம் கிழியும்.

அதற்காக வாங்கியதுதான் இந்த வட்ட முனைவாக்க ஜோடி, அதாவது அலையைத் திருகு மாதிரி சுழலவிட்டு அனுப்பி வாங்கும் ஆன்டெனாக்கள். ட்ரோனுக்கு மூன்று இதழ் (இதழ் என்பது வளைத்த கம்பி), காகிள்ஸுக்கு நான்கு இதழ், இரண்டும் வலக்கை, அதாவது வலச்சுழற்சிக்கானவை. வலப்பக்கம் சுழன்று போகும் அலை தகரத்தில் மோதித் திரும்பும்போது, கண்ணாடியில் வலது கை இடது கையாகத் தெரிகிற மாதிரி, இடச்சுழற்சியாகிவிடும். வலக்கை ஆன்டெனா அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

கடைக்காரர் முதலில் ஒன்று வலக்கை, ஒன்று இடக்கை என்று அனுப்பிவைத்தார். அதுவும் ஒரு வேடிக்கைதான். ட்ரோன் கண்ணெதிரே நின்றால் படம் தகராறு, சுவரை ஒட்டிப் போனால் பளிச்! பட்டுத் திரும்பும் அலையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. மாற்றிக் கொடுத்தார்கள், கூரியர் செலவு என் தலையில்.

சரியான ஜோடி வந்தபின் கிடங்கின் நடுவில் படம் சுத்தம். வளைவில் ட்ரோன் சாய்ந்தாலும் விட்டுப்போவதில்லை. மூலைகளில் மட்டும் இன்னும் சிதறுகிறது, ஏனென்றால் இரண்டு முறை மோதிய அலை மறுபடி வலக்கையாகிவிடும். சிமெண்ட் தரையில் ரொம்பச் சாய்வாகப் படும் அலையும் சுழற்சி மாறாமலே வந்து சேரும். அதனால் தூரத்தில் தாழப் பறந்தால் பழைய கதைதான்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்க வேண்டாம். குச்சியும் வட்டமும் சேர்ந்தால் 3 டெசிபெல் இழப்பு, அதாவது பாதி சக்தி போச்சு.

எனக்குப் பிடிக்காதது, இதழ்களுக்கு மூடி இல்லாதது. வெறும் கம்பி, ஒரு தூணில் இடித்தால் சாய்வு கோணலாகிவிடும், அப்புறம் வலக்கை இடக்கை வித்தியாசமே மங்கிப்போகும். கொஞ்சம் எடை கூடினாலும் மூடி போட்டதையே வாங்குங்கள்.

ஆர்டர் போடும்முன் ட்ரான்ஸ்மிட்டரின் இணைப்பில் ஊசியா, துளையா என்று பாருங்கள். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்ற இரண்டு வகை இணைப்புக்கும் மரை ஒன்றுதான். துளையோடு துளை சேர்ந்தால் ஜம்மென்று முறுகும், உள்ளே தொடாது. ஆன்டெனா இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம் அது, ட்ரான்ஸ்மிட்டர் சூடாகியே போய்ச் சேர்ந்துவிடும்.