வியன்னாவில் எங்கே தங்குவது: சாஹர் ஹோட்டலா, பழைய பென்சியோனா, ரயிலடி ஹோட்டலா?

வியன்னாவில் பழைய காலத்து ஹோட்டலில் தங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் சொல்லும் பெயர் சாஹர். அரசு ஓப்பரா அரங்குக்குப் பின்னால், 1876-ல் எட்வார்ட் சாஹர் தொடங்கியது. இவருடைய அப்பா ஃபிரான்ஸ்தான் 1832-ல், பதினாறு வயதில், ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் வீட்டு விருந்துக்கு, இன்று சாஹர் பெயரால் பிரபலமான சாக்லெட் கேக்கைச் செய்தவர். எட்வார்ட் 1892-ல் இறந்ததும் மனைவி அன்னா பொறுப்பேற்று, வாயில் சுருட்டும் கூடவே புல்டாக் நாய்களுமாகக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு அதை நடத்தினார். அவர் காலத்துக்குப் பிறகு ஹோட்டல் நொடித்துப்போய், 1934-ல் கூர்ட்லர் குடும்பத்தின் கைக்கு வந்தது. இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது.

அழகு, உபசாரம் எதிலும் குறையில்லை. ஆனால் அங்கே ஓர் இரவுக்குக் கொடுக்கும் பணத்தில் பென்சியோன் எனப்படும் சாதாரணக் குடும்ப விடுதியில் மூன்று நான்கு இரவு தங்கிவிடலாம். சாஹரைப் பார்க்க அறை எடுக்கவேண்டும் என்றில்லை. கீழே காஃபிக்கடையில் உட்கார்ந்து, நடுவில் ஆப்ரிகாட் ஜாம் தடவிய அந்தக் கேக்கைச் சாப்பிட்டு வந்தாலே போதும்.

பென்சியோன் என்றால் தனிக் கட்டடம் அல்ல. பழைய குடியிருப்பில் ஒன்றிரண்டு மாடிகளை வாடகை அறைகளாக்கி ஒரு குடும்பமே நடத்துவது. என் மனசு இதில்தான். தெருக்கதவின் மணியை அழுத்தி உள்ளே போனால் தேய்ந்த கல்படிகள். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் பயணிகள் அல்ல, அந்தக் கட்டடத்திலேயே குடியிருப்பவர்கள். நான் தங்கிய அறையில் ஜன்னல் இரட்டை அடுக்கு, நடுவே ஒரு சாண் இடைவெளி. டிசம்பர் மாதம். ராத்திரி அந்த இடைவெளியில் தயிர் டப்பாவை வைத்தேன்; காலையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததுபோல் ஜில்லென்று இருந்தது. காலைச் சாப்பாட்டுக்கு மொறுமொறுவென்று ‘செம்மல்’ என்னும் சின்ன உருண்டை ரொட்டி, வெண்ணெய், ஜாம், அரைவேக்காட்டு முட்டை. இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று சொன்னதும் விடுதி நடத்தும் அம்மா இறைச்சித் தட்டை எடுத்துவிட்டு, கேட்காமலேயே இன்னும் இரண்டு வகைச் சீஸ் கொண்டுவந்து வைத்தார்.

குறையும் உண்டு. வேறொரு முறை, வேறொரு பென்சியோனில், ரயில் தாமதமாகி ராத்திரி பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பறை எட்டு மணிக்கே மூடியிருந்தது. தூங்கி வழியும் குழந்தையோடு குளிரில் அரைமணி நேரம் தெருவில் நின்றது இன்னும் மறக்கவில்லை.

ரயில் நிலையத்தை ஒட்டிய, பல ஊர்களில் கிளையுள்ள பெரிய நிறுவன ஹோட்டலில் அந்தக் கவலை இல்லை. எந்நேரமும் ஆள் இருப்பார், லிஃப்ட் இருக்கும், ஏசி இருக்கும். ஹாப்ட்பான்ஹோஃப் என்னும் தலைமை ரயில் நிலையத்திலிருந்து யூ1 மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம், நகரின் மையமான ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ். முழங்கால் வலியுள்ள அப்பா அம்மாவோடு போகிறீர்கள் என்றாலோ, ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் போகிறீர்கள் என்றாலோ யோசிக்காமல் இதை எடுங்கள். ஆனால் கண் விழிக்கும்போது எந்த ஊரில் இருக்கிறோம் என்று அந்த அறை சொல்லாது.

மற்றவர்களுக்குப் பென்சியோன்தான். பதிவு செய்யுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: லிஃப்ட் உண்டா, குளியலறை அறைக்குள்ளேயா, தாமதமாக வந்தால் சாவி எப்படிக் கிடைக்கும். மாடி எண்ணை மட்டும் நம்பவேண்டாம். பல பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே மெஸானின் என்று ஒரு தளம் உண்டு. மூன்றாம் மாடி என்றால் நான்கு மாடி ஏறவேண்டியிருக்கும்.